கேற்றுக்குப் பின்னால் நின்ற மணி: மற்ற நாய்களோடு சண்டைக்குப் போகும் ஒரு வீட்டு நாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

நான் முதலில் கண்டபோது மணி மூன்றரை வயதுக் கடுவன். அல்சேஷன் கலப்பு, 26 கிலோ. திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறான். வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய மகனும் மகளும். நாயின் பெயரையும் வீட்டை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

மனிதர்களோடு அவனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. மீன்காரர் வந்தால் வாலாட்டுவான், பிள்ளைகள் காதைப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்வான். சிக்கல் இன்னொரு நாயைக் காணும்போதுதான். நாய்களின் நடத்தைச் சிக்கல்களுக்கு உதவப் போகும் என்னிடம் டீச்சர் சொன்னது இது: “தம்பி, இவன் ஆக்களை ஒண்டும் செய்யமாட்டான். இன்னொரு நாயைக் கண்டாத்தான் ஆளே மாறிப்போறான். கயிறைப் பிடிச்சு நிக்க எனக்கு ஏலாது.”

நான் போகும்போது பெரிய சண்டைகள் மூன்று நடந்து முடிந்திருந்தன. முதலாவதில் பக்கத்து வீட்டு நாயின் காது கிழிந்தது. இரண்டாவது ஒழுங்கையில், தெருநாய் ஒன்றோடு. மூன்றாவதில் விலக்கப் போன மகனின் முன்னங்கை கடிபட்டது. மணியின் பல்லா மற்ற நாயின் பல்லா என்று அவருக்கே தெரியவில்லை. அரச வைத்தியசாலையில் விசர்நாய்க்கடிக்கான ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் மூன்று கருத்து. மாமா ஒருவர் சங்கிலியில் கட்டி அடிக்கச் சொன்னார். அயலவர் ஒருவர் நாயை எங்காவது தோட்டத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார். டீச்சருக்கு இரண்டிலும் மனம் இல்லை.

இதை விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. திருகோணமலையின் லிங்கநகரிலும் பாலையூற்றிலும் உவர்மலையிலும் இதே நாயை, இதே மதிலை, இதே கேற்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். கொழும்பிலிருந்து பயிற்சியாளரை வரவழைக்க வேண்டும், விலையுயர்ந்த பொருள்கள் வாங்க வேண்டும் என்று நினைத்து ஆட்கள் ஒன்றும் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். மணியின் விஷயத்தில் மிகப் பெரிய மாற்றம் பயிற்சி தொடங்க முன்பே, கேற்றில் செய்த வேலையால் வந்தது.

வளர்ந்த விதம்

வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஐந்து வாரம்தான் இருக்கும் என்கிறார் டீச்சர். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கவேண்டிய காலம் அது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும் என்பதை ஒரு குட்டி அந்த வாரங்களில்தான் பழகுகிறது. பிறகு, பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பயந்து தடுப்பூசிகள் முடியும்வரை அவனை வெளியே விடவில்லை. அந்தப் பயம் நியாயமானது, பார்வோ குட்டிகளைச் சில நாளிலேயே கொன்றுவிடும். ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காம் வாரம்வரை காண்பதையும் கேட்பதையும்தான் ஒரு குட்டி பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும். மணிக்கு அந்தக் காலம் முழுக்க மதிலுக்குள் போய்விட்டது. நிலத்தில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு வீதியோரம் நின்று வாகனத்தையும் ஆட்களையும் தூரத்தில் போகும் நாய்களையும் காட்டலாம். இப்போது குட்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

வீட்டில் அப்போது ஒரு கிழட்டுப் பெட்டை நாய் இருந்தது. மணி அதோடு ஒரே தாழ்வாரத்தில் படுத்தான், அது உறுமினால் விலகிப் போனான். இந்தத் தகவல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மற்ற நாயின் பேச்சை இவனால் படிக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

ஒரு வயது ஆனபோது, ஒழுங்கை முனையில் கட்டாக்காலி நாய்கள் மூன்று சேர்ந்து அவனைப் பிடித்தன. அவன் கயிற்றில் இருந்தான். கயிறு குட்டை, இரண்டு பக்கமும் மதில். ஓட இடமில்லை. தொடையில் ஆழமான காயம். சில மாதத்துக்குள் கிழட்டு நாயும் செத்துப்போனது. அதற்குப் பிறகு மணியைப் பகலில் கேற்றுக்குப் பக்கத்து மாமரத்தில் சங்கிலியால் கட்டி, இரவில் அவிழ்த்து விட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். காவலுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள்.

முதலில் உடம்பு

நடத்தை பற்றி எதுவும் பேச முன்பு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னேன். நோவு உள்ள நாய்க்குப் பொறுமை குறைவு, இது மனிதருக்கும் பொதுவானதே. மணியின் வலது காதுக்குள் பழைய அழற்சி இருந்தது. காதடியைத் தொட்டால் தலையைச் சட்டென்று திருப்பினான். உண்ணியும் நிறைய. உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கத்தில் சாதாரணம் என்பதால் இரத்தமும் பார்க்கப்பட்டது, அதில் பிரச்சினை இல்லை. காது மருந்தோடு ஆறியது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் கொஞ்சம் சாந்தமானான் என்று மகள் கவனித்துச் சொன்னார். நாய்களைக் கண்டால் சீறுவது மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல நாய் ஒன்று காரணமே இல்லாமல் ஓரிரு நாளுக்குள் குணம் மாறி, கண்டதையெல்லாம் கடிக்கப் போனால் அது பயிற்சிக்கான விஷயம் இல்லை. விசர்நாய்க்கடி நோய் என்று சந்தேகித்து, தொடாமல், தனியே அடைத்து, உடனே கால்நடை வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்ல வேண்டும். மணியிடம் ஒவ்வொரு வருடத்துக்கும் ஊசி போட்ட அட்டை இருந்தது, மாற்றமும் இரண்டு வருடத்தில் மெல்ல மெல்ல வந்தது. அதனால் அந்தச் சந்தேகம் இல்லை.

கண்டது என்ன

இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன்: கேற்றடியில், பிறகு கயிற்றோடு வெளியே. இரண்டு இடத்திலும் இரண்டு விதமான நாயைக் கண்டேன்.

கேற்றில் அவன் முன்பக்கம் சாய்ந்து, வாலை உயர்த்தி, கம்பியை அடித்துக் குரைத்தான். மற்ற நாய் போய்ச்சேர்ந்ததும் உடம்பை உதறிவிட்டு மாமரத்தடிக்குத் திரும்பினான். வெளியே, கயிற்றில், கதை வேறு. தூரத்தில் ஒரு நாயைக் கண்டதும் முதலில் உதட்டை நக்கினான். பிறகு கொட்டாவி. காது பின்னால் போனது, உடம்பின் பாரம் பின்கால்களுக்குப் போனது. கண்ணின் வெள்ளை தெரியத் தலையைத் திருப்பிக்கொண்டே பார்த்தான். நாய் இன்னும் நெருங்கியதும்தான் வெடித்தான். குரைக்க முன்பு அவன் காட்டிய ஒவ்வொன்றும் ‘எனக்குப் பயமாக இருக்கிறது, தூரம் வேண்டும்’ என்ற சொல். வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. குரைப்பு மட்டும்தான் எல்லோருக்கும் கேட்டது.

என் முடிவு இது. அடிப்படை பயம். கயிற்றில் ஓட முடியாமல் கடிபட்ட நாள் அந்தப் பயத்தை உறுதியாக்கியது. கேற்று அதற்குத் தினமும் தீனி போட்டது. ஒழுங்கையால் போகும் நாய் எப்படியும் போய்விடத்தான் போகிறது. ஆனால் மணியின் கணக்கில், அவன் குரைத்தான், அதனால் நாய் ஓடியது. இப்படி ஒரு நாளில் எத்தனையோ முறை, இரண்டு வருடமாக. செய்து பலன் கிடைத்த ஒன்றை எந்த உயிரும் திரும்பச் செய்யும். இவனுக்குக் குரைப்பு ஒவ்வொரு முறையும் பலன் கொடுத்தது.

கடியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி என்ன ஆகும் என்பதை அதுதான் அதிகம் சொல்லும். நாய்க்கடியை ஆறு படியாகப் பிரிக்கும் ஓர் அளவுகோலைக் கால்நடை வைத்தியர் இயன் டன்பார் உருவாக்கினார். முதல் படியில் பல் தோலில் படவே படாது. மூன்றாம் படியில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை. அதற்கு மேல் போனால் பிடித்து உதறுவதும் ஆழமான காயமும் வரும். அந்த அளவுகோல் மனிதர் மீதான கடிக்காக உருவானது, ஆனால் நாய்களுக்கிடையிலும் அதே சிந்தனை உதவும். பக்கத்து வீட்டு நாயின் காது கிழிந்தது பார்க்கப் பயங்கரம், ஆனால் காது மெல்லியது, இழுத்தாலே கிழியும். மற்ற இரண்டு சண்டையிலும் ஆழமில்லாத சில துளைகள்தான். 26 கிலோ நாய் உண்மையில் கொல்ல நினைத்திருந்தால் காயங்கள் இப்படி இருந்திருக்காது. திருத்த முடியும் என்று டீச்சருக்கு நான் சொன்னது இதை வைத்துத்தான்.

அடிப்பது பற்றி

மாமாவின் யோசனையை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை, வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. “நாய்க்கு நீங்கள்தான் தலைவர் என்று காட்ட வேண்டும்” என்பது அவர் வாதம். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆள்கிறான் என்ற எண்ணம், அடைத்து வைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. காட்டு ஓநாய்களை வருடக்கணக்காகப் பார்த்த டேவிட் மெக் என்ற ஆய்வாளர் 1999இல் அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். அங்கே தலைமைக்குச் சண்டை இல்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஒரு ஆய்வையும் மாமாவுக்குச் சொன்னேன். நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம், வீட்டில் என்ன முறைகளைச் செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடி அல்லது உதை வாங்கிய நாய்களில் 43 வீதம் திருப்பி உறுமவோ கடிக்கவோ போயின. இன்னொரு நாயைக் கண்டு ஏற்கெனவே பயந்திருக்கும் நேரத்தில் முதுகில் அடி விழுந்தால், மணி கற்பது ‘நாய் வந்தால் அடியும் வரும்’ என்பதைத்தான். உறுமலுக்கு அடித்தால் அது இன்னும் ஆபத்து. உறுமலை விட்டுவிடுவான், பயத்தை விடமாட்டான். பிறகு அறிவிப்பில்லாமல் கடிப்பான்.

மாமா முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். “சரி, மூன்று மாசம் உன் முறையில் செய்து பார்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கேற்றும் ஒழுங்கையும்

முதல் வேலையாக மணியின் இடத்தை மாற்றினோம். மாமரத்துச் சங்கிலி கழன்றது. குசினிக்குப் பின்பக்க வளவை வலையால் பிரித்து அங்கே கட்டாமல் விட்டோம். கட்டப்பட்ட நாய்க்குத் தப்பியோட வழியில்லை என்று தெரியும், அதனாலேயே அது முந்திக்கொண்டு பாயும். பின்வளவில் ஒழுங்கை தெரியாது, சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்கும்.

கேற்றின் கம்பிகளுக்கு உட்பக்கமாகத் தகரம் அடித்தோம், நிலத்திலிருந்து நெஞ்சளவு உயரத்துக்கு. கீழே கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. மூக்கும் மூக்கும் முட்டும் இடம் அதுதான், அதைச் சீமெந்துக் கல் வைத்து அடைத்தார் மகன். கொளுக்கி ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. இந்தச் செலவு ஒரு மூட்டை நாய்த்தீனியின் விலைக்குள் முடிந்தது.

அப்புறம், தெருநாய்கள் ஏன் குறிப்பாக இந்தக் கேற்றடிக்கு வருகின்றன என்று பார்த்தேன். மீன் வெட்டிய கழிவைக் காலையில் மதிலுக்கு வெளியே, மின்கம்பத்தடியில் கொட்டுகிறார்கள். டீச்சர் வீட்டில் மட்டும் இல்லை, எதிர்வீட்டிலும். உப்புவெளியில் நாளாந்தம் மீன் வாங்காத வீடு குறைவு. மணியின் மூக்குக்கு முன்னால், ஒரே நேரத்தில், நாலைந்து நாய்களுக்குத் தினம் விருந்து வைத்திருக்கிறார்கள். கழிவைப் பின்வளவில் தென்னைக்கு அடியில் புதைக்கச் சொன்னதும் ஒரு வாரத்துக்குள் கேற்றடி அமைதியானது. எதிர்வீட்டுக்கார அக்காவிடம் டீச்சரே போய்ப் பேசினார்.

ஒழுங்கை முனைப் பலசரக்குக் கடைக்காரர் தெருநாய்களுக்குச் சோறு போடுபவர். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, அவசியமும் இல்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போடுங்கள் அண்ணை என்று கேட்டோம். கடைக்குப் பின்னால், அந்தியில். வயிறு நிறையும் இடம் தெரிந்த நாய் அலைவது குறையும். அயலவர் ஒருவர், சபைக்குச் சொல்லித் தெருநாய்களைப் பிடிப்பிக்க வேண்டும் என்றார். 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்லாமல் ஊசி போட்டு, கருத்தடை செய்து கட்டுப்படுத்துவதே இலங்கையின் கொள்கை. பழகிய நாய்களை அகற்றினால் அந்த இடத்துக்குப் பழக்கமில்லாத நாய்கள் வரும், மணிக்கு அது இன்னும் கஷ்டம்.

இவ்வளவும் செய்து, வெளியே கூட்டிப்போவதை இரண்டு வாரம் முழுக்க நிறுத்தினோம். பயந்த உடம்பு அடங்க நேரம் வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் மணி பகலில் மல்லாந்து படுத்துத் தூங்குவதை மகள் முதன்முதலாகக் கண்டார். படம் எடுத்து அனுப்பினார். எனக்கு அந்தப் படம் எந்தப் பயிற்சி முன்னேற்றத்தையும் விடச் சந்தோசமாக இருந்தது.

கயிறு, வாய்க்கூடு, ஈரல்

கழுத்தை இறுக்கும் சங்கிலியை எடுத்துவிட்டு நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ், மூன்று மீற்றர் கயிறு. நீண்ட கயிறு நாய்க்கு விலகிப் போக இடம் கொடுக்கும், ஆனால் பிடிப்பவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

வாய்க்கூடு கூடை மாதிரியானதுதான் வேண்டும், நாய் வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டியைத் திருகோணமலை வெயிலில் போடவே கூடாது. நாய் இளைத்துத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கிறது, வாயைக் கட்டிவிட்டுச் சூடான கச்சான் காற்று வீசும் நாளில் நடத்தினால் செத்துப்போகலாம். மணிக்குக் கூட்டின் உட்பக்கம் அவித்த மீனைப் பூசி, அவனாகவே மூக்கை நுழைக்க விட்டோம். மூன்று வாரத்தில், கூட்டை எடுத்தாலே ஓடிவந்தான்.

தீனிக்கு அவித்த கோழி ஈரல், கச்சான் பருப்பு அளவுத் துண்டுகளாக. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

வளவுக்குள் இரண்டே விஷயம் பழக்கினோம். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, “வா, போவம்” என்றால் சட்டென்று திரும்பி எங்களோடு நடப்பது. இரண்டாவதுதான் தெருவில் உயிர் காப்பது. எதிரே நாய் வந்தால் சண்டை தொடங்க முன்பே திரும்பி நடந்துவிடலாம்.

கடையடி வெள்ளை நாய்

இப்படிப்பட்ட பயிற்சிக்குச் சாந்தமான இன்னொரு நாயும், அதைப் பிடித்து நிற்க ஆளும் வேண்டும் என்பார்கள். எங்களுக்கு இரண்டும் இல்லை. ஆனால் ஒழுங்கை முனைக் கடையடியில் ஒரு கிழட்டு வெள்ளைத் தெருநாய் இருந்தது. விடியற்காலையில் கடை திறக்கும்வரை படியடியில் படுத்திருக்கும். வாகனம் போனாலும் எழும்பாது. ஒரே இடத்தில், அசையாமல், யாரையும் முறைத்துப் பார்க்காமல் இருக்கும் நாய் பயிற்சிக்குக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. எங்கள் ஊர்களில் அப்படிப்பட்ட ஒன்று ஒவ்வொரு சந்தியிலும் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

விடியற்காலை ஐந்தரைக்கு, வெயிலும் கூட்டமும் வர முன்பு தொடங்கினோம். முறை எளிது. மணி வெள்ளை நாயைக் காண்கிறான், கண்ட பிறகு ஈரல் வருகிறது. நாய் பார்வையிலிருந்து மறைந்தால் ஈரலும் நிற்கும். இந்த வரிசை மாறக் கூடாது. ஈரலை முதலில் காட்டி, பிறகு நாயைக் காட்டினால், ஈரலைக் கண்டாலே பயப்பட வேண்டும் என்று ஆகிவிடும். நாய் முதலில், நல்லது பிறகு.

தூரத்தை மணிதான் தீர்மானித்தான். 40 மீற்றரில் பார்த்துவிட்டு ஈரலை மெதுவாக உதட்டால் எடுத்தான். 30 மீற்றரில் பல் விரலில் பட்டது, பறித்தான். 25இல் எடுக்கவே இல்லை. உணவை அவன் எப்படி எடுக்கிறான் என்பதே எங்கள் அளவுகோல். பறிக்கத் தொடங்கினால் பத்தடி பின்னுக்குப் போவோம். எடுக்காவிட்டால் அன்றைக்கு வீட்டுக்கு.

காற்றையும் பார்க்கவேண்டியிருந்தது. விடியலில் தரையிலிருந்து கடல் பக்கம் காற்று போகும், வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பும். கடை வீதிப் பக்கம், நாங்கள் கடல் பக்கம். ஆகவே விடியலில் வெள்ளை நாயின் வாடை நேரே மணியின் மூக்குக்கு வரும். காண முன்பே அவன் உடம்பு இறுகுவதை மகன்தான் முதலில் கவனித்தார். அதற்குப் பிறகு ஒழுங்கைக்குள் நுழைந்ததும் உடனே நடக்காமல், மண்ணில் நாலைந்து துண்டு ஈரலைத் தூவி மோப்பம் பிடிக்க விட்டோம். மண்ணை மோந்து தின்னும் நாய் மெல்லத் தணிந்து வரும்.

ஒரு முறை பத்து நிமிசத்துக்கு மேல் போகவில்லை, தினமும் போகவும் இல்லை. கிழமையில் மூன்று நான்கு நாள். இந்த வேகம் டீச்சருக்குப் பொறுமையைச் சோதித்தது, ஆனால் அவர் வகுப்பறையில் முப்பது வருடம் நின்றவர்.

பின்னடைவுகள்

சித்திரை வருடப்பிறப்புக்கு வெடி. இரண்டு நாள் முழுக்க ஒழுங்கையெங்கும் வெடிச் சத்தம், மணி கட்டிலடியில். மூன்றாம் நாள் வெளியே கூட்டிப்போனபோது, 15 மீற்றரில் நிம்மதியாக நின்றவன் 35இல் குரைத்தான். பயிற்சி வீணாகிவிட்டது என்று மகன் சோர்ந்துபோனார். வீணாகவில்லை. ஒரு பயத்தின் மேல் இன்னொரு பயம் ஏறினால் தாங்கும் அளவு சுருங்கிவிடும். நான்கைந்து நாள் ஓய்வு கொடுத்து 40 மீற்றரில் திரும்பத் தொடங்கினோம், இந்த முறை பழைய தூரத்துக்கு வேகமாக வந்தான். அதற்குப் பிறகு கோயில் திருவிழாக் காலங்களில் பயிற்சியே வைப்பதில்லை.

மாரி மழையில் வேறு சிக்கல். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் தெருநாய்கள் மேடு தேடி வீட்டுக் கேற்றடிகளில் ஒதுங்கும். டீச்சர் வீட்டுக் கேற்றுக்கு மேலே சிறு கூரை. தகரத்துக்கு வெளியே இரண்டு நாய், உள்ளே மணி, இரவு முழுக்க மோப்பமும் உறுமலும். கடைக்காரர் தன் பின்தாழ்வாரத்தில் இரண்டு சாக்கை விரித்து நாய்களுக்கு இடம் ஒதுக்கியதும்தான் அது தீர்ந்தது. மணிக்காக அவர் செய்த உதவியை டீச்சர் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கருத்தடை பற்றிக் கேட்டார்கள். ஆண் நாய் பெட்டையின் வாடைக்கு மதில் பாய்வதை அது குறைக்கும். பயத்தால் வரும் சண்டையை அது மாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது, சில பயந்த நாய்களுக்குப் பயம் கூடியும் இருக்கிறது. மணி ஓரளவு நிதானத்துக்கு வந்த பிறகு, மதில் பாய்ச்சலை நிறுத்துவதற்காக, கால்நடை வைத்தியரோடு பேசிச் செய்தார்கள்.

சண்டை வந்துவிட்டால்

மகனின் கை கடிபட்டது கழுத்துப்பட்டியைப் பிடிக்கப் போனதால். சண்டையில் உள்ள நாய் பக்கத்தில் வருவது கையா வாயா என்று பார்க்காது. வெளிநாடுகளில் இரண்டு பேர் இரண்டு நாயின் பின்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்கச் சொல்வார்கள். ஊசி போட்டதா என்று தெரியாத தெருநாயை இங்கே தொடவே கூடாது என்பதால் நான் அதைச் சொல்வதில்லை. கேற்றடியில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு பலகைத் துண்டும் நிரந்தரமாக வைத்தோம். தண்ணீரை முகத்தில் வீச வேண்டும், பலகையை இரண்டுக்கும் நடுவில் இறக்க வேண்டும். அலுமினியச் சட்டி மூடி இரண்டைத் தட்டினாலும் சில சண்டைகள் விலகும். கத்துவதும் காலால் உதைப்பதும் சண்டையைக் கூட்டும்.

பல் கீறினாலும் போதும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. வீட்டு நாயாக இருந்தால், ஊசி போட்டிருந்தாலும் இரண்டு வாரம் கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

இப்போது

ஒரு வருடம் ஆகப்போகிறது. கடையடி வெள்ளை நாயை ஒழுங்கையின் மறுபக்கத்தால், ஆறு ஏழு மீற்றரில், திரும்பிப் பார்த்துவிட்டு மகனின் முகத்தைப் பார்க்கிறான். ஈரல் வரும் என்று தெரியும். நடந்துபோகும் நாய்க்கு இன்னும் 12 மீற்றர் வேண்டும். நேராக ஓடிவரும் நாயை இன்னும் தாங்கமாட்டான், அப்போது “வா, போவம்” என்று திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு நாயும் இவனும் நண்பர்கள் ஆகவில்லை. ஆக வேண்டிய தேவையும் இல்லை. தகரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டும் நிம்மதியாகத் தூங்குகின்றன.

மூன்றாவது சண்டைக்குப் பிறகு சண்டை நடக்கவில்லை. ஒழுங்கையில் வாய்க்கூடு கட்டாயம். கயிறைப் பிடிப்பது மகன் மட்டும், டீச்சர் பின்வளவில் பந்து போட்டு விளையாட்டுக் காட்டுவார். கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். கரைவலை இழுக்கும் இடத்திலும் வள்ளங்களுக்குப் பக்கத்திலும் நாய்கள் கூட்டமாக, தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டு கிடக்கும். அது மணிக்கு ஏற்ற இடம் இல்லை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் வேண்டாம், அங்கே திரியும் புள்ளிமான்களுக்காக.

போன கிழமை மகள் ஒரு கேள்வி கேட்டார். தோழி வீட்டில் குட்டிகள் இருக்கின்றன, மணிக்குத் துணையாக ஒரு பெட்டைக்குட்டியைக் கொண்டுவரலாமா, அண்ணா? கிழட்டு நாயோடு அவன் இருந்த விதத்தை வைத்துத்தான் கேட்கிறார், கேள்வியில் நியாயம் இருக்கிறது. இப்போது வேண்டாம் என்றேன். குட்டி முதல் மாதங்களில் காண்பதைத்தான் பழகும், மணி இன்னும் தாழ்வாரத்தில் நின்று சில சமயம் ஒழுங்கையைப் பார்த்துக் குரைக்கிறான். குட்டி அதைத்தான் பழகும். அடுத்த மாரி கேற்றடிச் சண்டை இல்லாமல் போனால், தை பிறந்த பிறகு திரும்பவும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் பின்வளவு வலையை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு கதவு வைக்க மகன் அளவெடுத்துவிட்டார்.